ஓர் ஓடுபாதை, இரண்டு உயரங்கள்

வீட்டுக் கணினியில் ஃப்ளைட் சிமுலேட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. மலை மடிப்புகளைத் துல்லியமாகக் காட்டும் நிலப்பரப்பு ஆட்-ஆன் ஒன்றை நிறுவுவார்கள். அதே ஊருக்கு, கட்டடமும் விளக்குக் கம்பமும் அச்சு அசலாக அமைந்த விமான நிலைய ஆட்-ஆன் ஒன்றையும் நிறுவுவார்கள். இறங்கப் போனால் ஓடுபாதை தரையிலிருந்து பல மீட்டர் எழும்பி மேசைபோல் நிற்கும். இல்லையென்றால் குளம் வெட்டிய பள்ளத்துக்குள் கிடக்கும். இரண்டு ஆட்-ஆன்களையும் தனித்தனியே போட்டுப் பார்த்தால் இரண்டிலும் குறை இருக்காது. 'இந்த இடத்தின் உயரம் என்ன?' என்ற ஒரே கேள்விக்கு இருவர் இருவேறு விடை சொல்கிறார்கள், சிமுலேட்டர் இருவரையும் நம்பிவிட்டது, அவ்வளவுதான். ஆட்-ஆன் நிறுவுவது என்றால் கோப்பை எந்த ஃபோல்டரில் போடுவது என்ற சங்கதி என்றே பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது, உலகத்தைப் பற்றிய ஒவ்வொரு கேள்விக்கும் யார் சொல் செல்லும் என்று தீர்மானிக்கும் வேலை. அந்தத் தீர்மானத்தை நாம் எடுக்காவிட்டால், கோப்புகள் ஏறிய வரிசை அதை எடுத்துவிடும்.

இந்த வாதம் விளங்க, சிமுலேட்டர் என்பது எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். 1970-களின் இறுதியில் புரூஸ் ஆர்ட்விக் ஆப்பிள் 2 கணினிக்காக எழுதியது ஒரே ஆள் எழுதிய ஒரே நிரல். நிலம் சில கோடுகள், மலை சில முக்கோணங்கள். 1982-இல் மைக்ரோசாஃப்ட் அதை ஐபிஎம் கணினிக்குக் கொண்டுவந்தபோதும் அடிப்படை அதுதான். உள்ளே எல்லாம் ஒரே கையெழுத்தில் இருந்ததால் முரண்பாட்டுக்கு இடம் குறைவு. இன்றைய சிமுலேட்டர் அப்படிப்பட்டதல்ல. நிலத்தின் உயரத்தை ஒரு பகுதி சொல்லும். காற்றின் வெப்பமும் அழுத்தமும் இன்னொன்றின் பொறுப்பு. இறக்கை எவ்வளவு தூக்கு விசை தரும் என்பதை வேறொன்று கணக்கிடும். வழிகாட்டிக் கருவிகளும் வான்பாதைகளும் தனித் தரவுத்தளம். ஜாய்ஸ்டிக்கின் அசைவைப் படிப்பது தனி வேலை. 'இறக்கை எப்படித் தூக்குகிறது?' என்பதற்குக்கூட ஒரே விடை இல்லை. எக்ஸ்-பிளேன் இறக்கையைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின்மீதும் காற்று செலுத்தும் விசையைக் கணக்கிட்டுக் கூட்டுகிறது. திறந்த மூல மென்பொருளான ஃப்ளைட்கியரில் விமானம் செய்பவர் ஜேஎஸ்பிசிம், யாசிம் என்ற இரு கணிப்பு முறைகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். முதலாவது அளந்தறிந்த குணக அட்டவணைகளை நம்புகிறது, இரண்டாவது விமானத்தின் வடிவத்திலிருந்து தானே கணக்குப் போடுகிறது. ஆட்-ஆன் என்பது இந்தப் பகுதிகளில் ஏதோ ஒன்றுக்குப் பதிலாகவோ பக்கத்திலோ வந்து உட்காரும் புதிய ஆள். பக்கத்தில் உட்கார்ந்ததைப் பழைய ஆளுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

நிலத்திலிருந்தே தொடங்குவோம், சான்று மிகத் தெளிவாகக் கிடைப்பது அங்கேதான். பல நிலப்பரப்பு ஆட்-ஆன்களுக்கு மூலம், 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பறந்து ரேடாரால் எடுத்த உயர அளவீடு. வடக்கே 60 பாகை முதல் தெற்கே 56 பாகை வரையிலான நிலத்தை அது அளந்தது. முதலில் பரவலாகக் கிடைத்த வடிவில் ஏறத்தாழ 90 மீட்டருக்கு ஒரு புள்ளி. பின்னர் வந்த நுட்பமான வடிவில் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. ரேடார் அலை அடர்ந்த காட்டில் மண்வரை போகாது. இலைக் கூரையிலும் அதற்குச் சற்றுக் கீழேயும் பட்டுத் திரும்பிவிடும். நகரத்தில் கூரைகளும் அளவில் கலந்துவிடும். விமான நிலையத்தின் உயரமோ நில அளவையாளர்கள் தரையில் நின்று எடுத்து, வான்வழி வரைபடங்களில் அச்சிடப்படும் எண். இரண்டும் சில மீட்டர் வேறுபடுவதில் வியப்பில்லை. 2006-இல் வந்த எஃப்எஸ்எக்ஸ் போன்ற பழைய சிமுலேட்டர்கள் விமான நிலையத்தை ஒரே உயரத்தில் தட்டையாகவே வைத்துக்கொள்ளும். சுற்றியுள்ள நிலம் மழுங்கலாக இருந்தவரை இது கண்ணில் படவில்லை. நிலம் கூர்மையானதும் ஓரம் செங்குத்துச் சுவராக நின்றது. நேபாளத்தின் லுக்லா ஓடுபாதை 527 மீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 12 சதவீதம் சரிகிறது. ஒரு முனைக்கும் மறு முனைக்கும் 60 மீட்டர் வித்தியாசம். அப்படிப்பட்ட ஊருக்குத் 'தட்டையான ஒரே உயரம்' என்ற விதி எப்படிப் பொருந்தும்? ஒரு பகுதியைத் திருத்தினால் அதுவரை மறைந்திருந்த இன்னொரு பகுதியின் சமரசம் வெளிப்படுகிறது. நல்ல ஆட்-ஆனைப் போட்ட பிறகு காட்சி கெட்டுப்போனதாகத் தோன்றுவது இதனால்தான்.

எக்ஸ்-பிளேன் இதே சிக்கலை வேறு விதமாகக் கையாள்கிறது. அது உலகத்தை ஒரு பாகை அகலமும் ஒரு பாகை உயரமும் கொண்ட கட்டங்களாக வெட்டி, கட்டத்தின் தென்மேற்கு மூலையின் அட்ச, தீர்க்க எண்களையே கோப்பின் பெயராக வைக்கிறது. சென்னை நகரத்தின் பெரும்பகுதி 13 பாகைக்கு வடக்கே இருப்பதால் அதன் கோப்பு +13+080. மீனம்பாக்கம் விமான நிலையத்தின் மையப் புள்ளியோ 12 பாகை 59 கலையில் இருக்கிறது. ஆகவே அது +12+080 கோப்புக்குள் போய்விடும். 13-ஆம் பாகைக் கோடு ஓடுபாதைக்கு ஒரு கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்தில் ஓடுகிறது. 'சென்னை' என்று நினைத்து வடக்குக் கட்டத்துக்கு மட்டும் செயற்கைக்கோள் படம் போர்த்திய நிலத்தை இறக்கிக்கொள்பவருக்குக் கிண்டி புதிய நிலத்திலும் மீனம்பாக்கம் பழைய நிலத்திலும் இருக்கும். நடுவே தையல் தெரியும். அது மட்டுமல்ல. ஒரு கட்டத்துக்கு அடிப்படை நிலம் ஒன்றுதான் இருக்க முடியும் என்பது எக்ஸ்-பிளேனின் விதி. 'சீனரி பேக்ஸ்' என்ற சாதாரண எழுத்துக் கோப்பில் பட்டியல் இருக்கும். அதில் மேலே இருப்பதன் சொல் செல்லும். விமான நிலையங்கள் மேலே, காடும் சாலையும் போன்ற மேலடுக்குகள் அடுத்து, அடிப்படை நிலம் கடைசியில் என்று வரிசை வைத்தால் எல்லாம் அதனதன் இடத்தில் நிற்கும். அடிப்படை நிலத்தைத் தூக்கி மேலே வைத்துவிட்டால், காசு கொடுத்து வாங்கிய விமான நிலையம் இருந்த இடம் தெரியாமல் போகும். நோட்பேடில் திறந்து ஒரு வரியை வெட்டிக் கீழே ஒட்டினால் திரும்ப வந்துவிடும். 'யார் சொல் செல்லும்' என்ற கேள்வியை இவ்வளவு வெளிப்படையாக ஒரு பட்டியலாகவே எழுதி வைத்திருப்பது இந்த மென்பொருளின் மிகப் பெரிய நேர்மை என்பேன்.

நிலத்தில் வரும் முரண்பாடு கண்ணுக்குத் தெரியும். காற்றில் வருவது தெரியாது. அதனால் அது கூடுதல் ஆபத்து. வானிலை ஆட்-ஆன்கள் விமான நிலையங்கள் வெளியிடும் மெட்டார் அறிக்கைகளைப் படிக்கின்றன. அறிக்கை ஓர் ஊரின் தரைக்காற்றைச் சொல்லும். அடுத்த ஊர் நூறு கிலோமீட்டர் தள்ளி. இடையில் என்ன, மேலே என்ன என்பதை மென்பொருள்தான் ஊகிக்க வேண்டும். எஃப்எஸ்எக்ஸ் காலத்தில் ஒரு நிலையத்தின் எல்லையிலிருந்து அடுத்ததன் எல்லைக்குள் விமானம் நுழையும்போது காற்று சட்டென்று மாறுவது பெருந்தொல்லையாக இருந்தது. விமானத்துக்கு எடை உண்டு. தரையோடு ஒப்பிட்ட அதன் வேகம் ஒரு நொடியில் மாறாது. ஆகவே பின்னாலிருந்து தள்ளிய காற்று திடீரென 40 நாட் குறைந்தால், காற்றோடு ஒப்பிட்ட வேகம் அதே நொடியில் 40 நாட் கூடிவிடும். மிகைவேக எச்சரிக்கை அலறும், ஆட்டோபைலட் தடுமாறும். பழி விமான ஆட்-ஆனின்மேல் விழும். காற்று மாற்றத்தைப் படிப்படியாகப் பரப்பும் ஒரு சிறு வசதியை இயக்கினாலே நோய் தீர்ந்துவிடும். ஆனால் அந்த வசதியை வானிலை ஆட்-ஆனும் வைத்திருக்கும், சிமுலேட்டருக்கும் ஆட்-ஆனுக்கும் நடுவே நிற்கும் இடைநிலை மென்பொருளும் வைத்திருக்கும். இரண்டையும் இயக்கினால் இரண்டும் ஒன்றையொன்று திருத்தத் தொடங்கும்.

இதைவிட நுட்பமான கதை உயரமானியுடையது. உயரமானி உயரத்தை அளப்பதில்லை, அழுத்தத்தை அளக்கிறது. கடல்மட்டத்தில் 15 பாகை செல்சியஸ், 1013.25 ஹெக்டோபாஸ்கல், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 6.5 பாகை குளிர்ச்சி என்ற ஒரு பொது வளிமண்டலத்தைக் கற்பனை செய்துகொண்டு, அழுத்தத்தை உயரமாக மொழிபெயர்க்கிறது. உண்மைக் காற்று அதைவிட வெப்பமாக இருந்தால் விரிந்து நிற்கும். அதே அழுத்தம் இன்னும் மேலே கிடைக்கும். 10 பாகை கூடுதல் வெப்பத்துக்கு ஏறத்தாழ 4 சதவீதம் என்பது விமானிகளின் தோராயக் கணக்கு. அதாவது உயரமானி 35,000 அடி காட்டும்போது விமானம் உண்மையில் 36,400 அடியில் இருக்கும். நிஜ வானில் இதனால் தீங்கில்லை, ஏனென்றால் அருகிலுள்ள எல்லா விமானங்களும் ஒரே காற்றில் ஒரே பிழையோடு பறக்கின்றன. பழைய சிமுலேட்டர்கள் இந்த வெப்ப விளைவைக் கணக்கில் எடுக்கவில்லை. 2020 ஆகஸ்டில் வந்த புதிய மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் எடுத்துக்கொண்டது. உலகெங்கும் வீட்டு விமானிகளையும் வீட்டுக் கட்டுப்பாட்டாளர்களையும் இணைக்கும் வாட்சிம் வலையமைப்பில் பழைய, புதிய சிமுலேட்டர்களை வைத்திருப்பவர்கள் சேர்ந்து பறந்தபோது, தத்தம் உயரமானியில் ஒரே எண்ணை வைத்திருந்தவர்கள் திரையில் வேறுவேறு உயரத்தில் தெரிந்தார்கள். அந்த உயரத்தில் விமானங்களுக்கிடையே விட வேண்டிய இடைவெளி 1,000 அடி; வேறுபாடு அதையும் தாண்டக்கூடியது. புதிய மென்பொருள் இயற்பியலை இன்னும் சரியாகச் செய்தது, அந்தச் சரியே சிக்கலை உண்டாக்கியது. தனித்த ஒரு பகுதியின் துல்லியத்தைக் காட்டிலும் எல்லாரும் ஒரே வளிமண்டலத்தை ஏற்றுக்கொண்டிருப்பது முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

காலமும் ஒரு சாட்சி. பூமியின் காந்தப்புலம் நகர்ந்துகொண்டே இருக்கிறது; ஓடுபாதை எண்கள் காந்தத் திசையைப் பத்தால் வகுத்து இடப்படுபவை என்பதால் அவையும் மாறுகின்றன. லண்டனுக்கு அருகிலுள்ள ஸ்டான்ஸ்டெட்டில் 05/23 என்றிருந்த ஓடுபாதை 2009-இல் 04/22 ஆனது. வான்வழித் தரவுகள் உலகெங்கும் 28 நாளுக்கு ஒருமுறை, ஒரே நாளில் மாற வேண்டும் என்பது சர்வதேச ஏற்பாடு. ஏஐராக் சுழற்சி என்பார்கள். வீட்டு விமானிக்கும் சந்தா கட்டினால் அந்தத் தரவு கிடைக்கும். ஆனால் அது போய்ச் சேருவது விமான ஆட்-ஆனின் வழிநடத்தும் கணினிக்கு. எஃப்எஸ்எக்ஸ் வைத்திருப்பவரின் சிமுலேட்டருக்குள் இருக்கும் ஓடுபாதையும் தரையிறக்க வழிகாட்டியும் காந்தத் திசைக் கோப்பும் 2006 காலத்தவை. விமானம் புதிய திசையில் திரும்பும், வழிகாட்டிக் கற்றை பழைய திசையில் நிற்கும். ஓடுபாதையின் நடுக்கோட்டுக்குச் சற்றுப் பக்கவாட்டில் சாய்ந்தே இறங்க வேண்டிவரும். 'எப்போதும் புதியதையே போடு' என்ற பொதுப் புத்திமதி இங்கே தவறுகிறது. ஒரே வயதுடைய பழைய தொகுதி, பாதி புதிதும் பாதி பழையதுமான தொகுதியைவிட நன்றாகப் பறக்கும்.

ஜாய்ஸ்டிக்கில் இதே நோய் மிக எளிய வடிவில் வரும். திராட்டில் நெம்புகோலைச் சிமுலேட்டரும் படிக்கிறது, எஃப்எஸ்யூஐபிசி போன்ற இடைநிலை மென்பொருளும் படிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இருவரும் நொடிக்குப் பலமுறை எஞ்சினுக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். அளவுத்திருத்தத்தில் சிறு வேறுபாடு இருந்தாலும் எஞ்சின் ஊசி நடுங்கும். புதுக் கருவி வாங்கினாலும் நடுக்கம் தீராது. இரண்டில் ஒன்றை நீக்கினால் உடனே தீரும். பொருளே ஒன்றாக இருந்தும் மொழி வேறாக இருப்பதும் உண்டு. எஃப்எஸ்யூஐபிசியின் பழைய ஏற்பாட்டில் காற்றுவேகம் 128-ஆல் பெருக்கப்பட்ட முழு எண்ணாக வைக்கப்படுகிறது: 140 நாட் என்பது 17,920. எஃப்எஸ்எக்ஸோடு வந்த சிம்கனெக்டில் அளவின் பெயரையும் அலகையும் சொல்லிக் கேட்க வேண்டும். வீட்டில் காக்பிட் கட்டுபவர் ஒரு வேகமானியை இணைக்கும்போது, முள் கோணலாக நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் கம்பி இணைப்பில் இருக்காது, இந்த மொழிபெயர்ப்பில் இருக்கும்.

இதெல்லாம் இப்போது தேவையில்லை, சிமுலேட்டரின் கடைப் பகுதியில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஆட்-ஆன் தானே வந்து அமர்ந்துவிடுகிறதே என்று கேட்கலாம். ஓரளவு உண்மைதான், கோப்பு எங்கே போக வேண்டும் என்ற கேள்வியை அந்தப் பொத்தான் தீர்த்துவிட்டது, அது பெரிய நிம்மதி. ஆனால் இருவரில் யார் சொல் செல்லும் என்பதை அது கேட்பதேயில்லை. மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரின் 'கம்யூனிட்டி' ஃபோல்டரில் ஒரே விமான நிலையத்துக்கு இரண்டு தொகுப்புகள் இருந்தால் இரண்டுமே ஏற்றப்படலாம். ஒரு முனையத்துக்குள் இன்னொரு முனையம் ஊடுருவி நிற்கும். தானியங்கி முறை தரவை எவ்வளவு நம்பும் என்பதற்கு 2020-இலேயே ஒரு சாட்சி கிடைத்தது. மெல்போர்ன் நகரின் புறநகரில் ஊசிபோன்ற ஒற்றைக் கோபுரம் வானைத் தொட்டு நின்றது. யாரோ ஒருவர் திறந்த வரைபடத்தில் ஒரு கட்டடத்துக்கு 2 தளம் என்பதற்குப் பதில் 212 என்று தட்டியிருந்தார்; அந்த எண் சங்கிலி வழியாக வந்து, கேள்வி கேட்பாரின்றிக் கட்டடமாக எழும்பிவிட்டது. ஒரு மாடி வீடுகளுக்கு நடுவே இப்படி ஒன்று இருக்குமா என்று கேட்கும் இடம் அந்தச் சங்கிலியில் எங்கும் இல்லை. அந்தக் கேள்வியை மனிதர்தான் கேட்டார்கள்.

வலுவான கணினி வாங்கினால் எல்லாம் சரியாகும் என்பது இன்னொரு வாதம். எஃப்எஸ்எக்ஸ் 32 பிட் நிரல். 2-இன் 32-ஆம் அடுக்கு பைட், அதாவது 4 ஜிபிக்கு மேல் முகவரி அதற்குக் கிடையாது. 16 ஜிபி நினைவகம் பொருத்திய கணினியிலும், கனமான விமானமும் கனமான நகரமும் சேர்ந்தால் நீண்ட பயணத்தின் இறுதியில், இறங்கும் நேரத்தில், நினைவகம் தீர்ந்தது என்று நிரல் மூடிக்கொள்ளும். 64 பிட் நிரல்கள் வந்த பிறகுதான் அந்தச் சுவர் உடைந்தது. உடைந்த பின்னும் எண்களுக்கே உரிய எல்லை இருக்கிறது. 32 பிட் தசம எண்ணால் பூமியின் மையத்திலிருந்து தூரத்தைக் குறித்தால், 6,371 கிலோமீட்டரில் அடுத்தடுத்த இரு எண்களுக்கு இடைவெளி அரை மீட்டர். காக்பிட்டின் ஒவ்வொரு பொத்தானும் துள்ளும். அதனால் எக்ஸ்-பிளேன் விமானத்துக்கு அருகில் ஒரு தற்காலிக மையத்தை வைத்துக்கொண்டு, விமானம் நகர நகர மையத்தையும் நகர்த்துகிறது. மையம் நகர்ந்ததைக் கவனிக்காத ஆட்-ஆன், தான் வரையும் பொருளைப் பல கிலோமீட்டர் தள்ளி வரைந்துவிடும். எவ்வளவு வேகமான கணினியும் இந்தப் பொருளை வேகமாகத் தவறான இடத்தில் வரையும், அவ்வளவே.

பொழுதுபோக்குக்கு இவ்வளவு கணக்கா, கிடைத்தபடி பறந்தால் போதாதா என்பவர்களுக்கும் மதிப்போடு பதில் சொல்ல வேண்டும். கிடைத்தபடி பறப்பதில் குறையில்லை. சிமுலேட்டரோடு வந்த பகுதிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி சமரசம் செய்யப்பட்டவை. ஆட்-ஆன் சேர்ப்பவர் அந்தச் சமரசத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறார். எடுத்துக்கொண்ட பிறகு அது யாரோ ஒருவரின் பொறுப்பு என்று இருந்துவிட முடியாது. அதைச் செய்ய நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. வான்வழி வரைபடத்தில் ஓர் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

முறை எளியது. ஒரு நேரத்தில் ஓர் ஆட்-ஆன். ஒவ்வொன்றுக்குப் பிறகும் அதே விமானம், அதே ஓடுபாதை, அதே நேரம், அதே வானிலை. குறை வந்தால் பாதிப் பாதியாகப் பிரித்துத் தேடலாம் என்பார்கள்: 64 ஆட்-ஆன்கள் இருந்தாலும் ஆறே சோதனையில் ஒன்றுக்கு வந்துவிடலாம். இந்த அறிவுரையில் ஓர் ஓட்டை இருக்கிறது, அதைப் பலரும் கவனிப்பதில்லை. குற்றவாளி ஒருவர் என்றால்தான் அந்தக் கணக்கு சரி. நாம் இதுவரை பார்த்த குறைகளில் பெரும்பாலானவை இருவர் சேர்ந்து செய்பவை. பட்டியலைப் பாதியாக வெட்டும்போது ஒருவர் இந்தப் பக்கமும் மற்றவர் அந்தப் பக்கமும் விழுந்தால் இரண்டு பாதிகளும் குற்றமின்றி ஓடும். தேடுபவர் பைத்தியம் பிடிக்கும் நிலைக்கு வருவார். அப்போது ஒரு பாதியை அப்படியே இயக்கத்தில் வைத்து, மறு பாதியிலிருந்து சிறுசிறு கூட்டமாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். குறை தலைகாட்டும் கூட்டத்தில் ஒருவர் பிடிபடுவார். அவரை வைத்துக்கொண்டு, இயக்கத்தில் வைத்த பாதியைச் சலித்தால் இணை கிடைத்துவிடும்.

சோதனைக்கு எதை அளப்பது? விமானத்தை மீனம்பாக்கத்தின் ஓடுபாதைத் தொடக்கத்தில் நிறுத்தி, அந்நேரத்துக் கடல்மட்ட அழுத்தத்தை உயரமானியில் வைத்தால், முள் வரைபடத்தில் உள்ள உயரத்தைக் காட்ட வேண்டும். அங்கே அது சுமார் 50 அடி. நிலமும் காற்றும் ஒத்துப்போகின்றனவா என்பதை இந்த ஒரே எண் சொல்லிவிடும். மூக்கை நடுக்கோட்டில் வைத்து திசைகாட்டியைப் படித்தால், அது வரைபடத்தின் ஓடுபாதைத் திசையோடு ஒரு பாகைக்குள் நிற்க வேண்டும். காந்தக் கோப்பும் வழித்தரவும் ஒரே வயதா என்பதற்கு அது விடை. திராட்டிலைப் பாதியில் விட்டுக் கையை எடுத்தால் எஞ்சின் ஊசி அசையாமல் நிற்க வேண்டும். மூன்றையும் குறிப்பேட்டில் தேதியோடு எழுதிக்கொண்டு, அடுத்த ஆட்-ஆனைப் போடலாம்.